அடுத்த நாட்டு விடுதலைக்கு ஆன செலவு

1963 மே 25 அன்று அடிஸ் அபாபாவில் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு உருவானபோது 32 நாடுகள் அதன் சாசனத்தில் கையெழுத்திட்டன. அவற்றில் பல, சுதந்திரம் வாங்கி ஐந்தாண்டுகூட ஆகாதவை. ஆசிரியர் சம்பளத்துக்கும் ஆஸ்பத்திரி மருந்துக்குமே தடுமாறிக்கொண்டிருந்த நாடுகள். அந்த மாநாட்டிலேயே அவை இன்னொரு முடிவையும் எடுத்தன. அன்னியர் ஆட்சியிலிருந்து இன்னும் விடுபடாத ஆப்பிரிக்க நாடுகளின் போராட்டத்துக்குப் பணமும் பயிற்சியும் ஆயுதமும் திரட்டித் தர ஒன்பது நாடுகள் கொண்ட ஒரு கமிட்டி அமைப்பது, அதன் அலுவலகத்தை தாரெஸ் சலாமில் வைப்பது என்ற முடிவு அது. விடுதலைக் கமிட்டி என்று அதற்குப் பெயர். 1994இல் தென்னாப்பிரிக்கா விடுதலையாகும் வரை அது வேலை செய்தது. பிறகு, வேலை முடிந்தது என்று கலைத்தார்கள்.

டெல்லியில் நான் எம்.ஏ. படித்தபோது எங்கள் பாடப்புத்தகத்தில் இந்தக் கமிட்டிக்குக் கிடைத்த இடம் ஒரு அடிக்குறிப்பு. என்னுடைய முனைவர் பட்ட ஆய்வு முழுக்க அந்த அடிக்குறிப்பிலிருந்து கிளைத்ததுதான்.

நாகர்கோவிலில் பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு டெல்லிக்குப் போனவள் நான். வீட்டில் ஐ.ஏ.எஸ். கனவு, எனக்கும் அதே கனவுதான். சர்வதேச உறவுகள் வகுப்பில் வல்லரசுகளைப் பற்றி நிறையப் படித்தோம். யார் யாரைச் சமன் செய்தார்கள், யாரிடம் எத்தனை அணுகுண்டு, எந்த நெருக்கடியில் யார் முதலில் பின்வாங்கினார்கள் என்று பரீட்சைக்கு எழுதினோம். ஆப்பிரிக்கா அந்த வகுப்புக்குள் வரும்போது உள்நாட்டுப் போராகவோ பஞ்சமாகவோ ராணுவப் புரட்சியாகவோதான் வரும். மற்றவர்கள் முடிவெடுக்க, அது நடந்தேறும் நிலம் ஆப்பிரிக்கா. ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள், ஐ.நா. சபையில் நாலில் ஒரு பங்குக்கும் மேல் வாக்கு, ஆனாலும் ஒரு வெளியுறவு அமைச்சரின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாமல் பட்டம் வாங்கியிருக்கலாம். இந்தியாவில் இந்தப் படிப்பு புதிதும் இல்லை. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்க ஆய்வுத் துறை 1955இலேயே, பாண்டுங் மாநாடு நடந்த ஆண்டிலேயே, தொடங்கிவிட்டது. அதனால் எனக்குக் கோபம் இன்னும் அதிகமாக வந்தது.

எங்களுக்கு விருப்பப்பாடம் எடுத்த ஒரு பேராசிரியைதான் வழியைத் திருப்பிவிட்டார். பேரம் பேசக் கையில் ஒன்றுமே இல்லாத நாடு என்ன செய்து தன் காரியத்தைச் சாதிக்கிறது என்று பாருங்கள், ராஜதந்திரம் அங்கேதான் இருக்கிறது என்றார். ரோடேஷியா விவகாரத்தைக் கட்டுரையாக எழுதச் சொன்னார். அன்றிலிருந்து தான்சானியா என்னைப் பிடித்துக்கொண்டது.

1965 நவம்பரில், இன்று ஜிம்பாப்வே எனப்படும் ரோடேஷியாவின் வெள்ளைச் சிறுபான்மை அரசு பிரிட்டனிடமிருந்து தன்னிச்சையாகச் சுதந்திரம் அறிவித்துக்கொண்டது. பிரிட்டன் படை அனுப்பவில்லை. டிசம்பர் நடுவுக்குள் அந்த அரசை அடக்காவிட்டால் உறுப்பு நாடுகள் எல்லாம் பிரிட்டனோடு தூதரக உறவை முறித்துக்கொள்ள வேண்டும் என்று ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் வெளியுறவு அமைச்சர்கள் தீர்மானம் போட்டார்கள். கெடு வந்தது. தீர்மானத்துக்குக் கைதூக்கியவர்களில் சிலர் மட்டுமே சொன்னதைச் செய்தார்கள். அதிபர் ஜூலியஸ் நியரேரேயின் தான்சானியா அந்தச் சிலரில் ஒன்று. அதற்கு விலையும் உடனே வந்தது: பிரிட்டன் தருவதாக இருந்த 75 லட்சம் பவுண்டு கடன் நின்றுபோனது. நாலே ஆண்டுக்கு முன் சுதந்திரம் வாங்கிய நாடு, தன் எல்லையில்கூட இல்லாத ஒரு நாட்டு மக்களுக்காக இவ்வளவு பணத்தை விட்டுக்கொடுத்தது. அந்தக் கட்டுரையை எழுதி முடித்த இரவு ஹாஸ்டல் மொட்டைமாடியில் போய் நின்றேன். சிவில் சர்வீஸ் விண்ணப்பத்தை அந்த ஆண்டு போடவில்லை. அதற்குப் பிறகும் போடவில்லை.

சலிம் அகமது சலிமைப் பற்றி இங்கே சொல்லாமல் போக முடியாது. சான்சிபாரில் 1942இல் பிறந்தவர். 22 வயதில் எகிப்துக்குத் தூதர். 1965 முதல் 1968 வரை இந்தியாவில் தான்சானியாவின் ஹை கமிஷனர். டெல்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் படித்தவரும்கூட. அந்தக் கல்லூரிச் சுவரை ஒட்டிப் போகும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான். ஐ.நா.வில் தான்சானியாவின் பிரதிநிதியாக இருந்தபோது காலனிய ஒழிப்புச் சிறப்புக் கமிட்டிக்கு நீண்ட காலம் தலைமை வகித்தார். 1971 அக்டோபரில் மக்கள் சீனம் ஐ.நா.வுக்குள் வந்த இரவு தான்சானியத் தூதுக்குழு அவைக்குள்ளேயே ஆரவாரம் செய்தது. அமெரிக்கா அதை மறக்கவில்லை. பத்து ஆண்டு கழித்து, 1981இல், பொதுச்செயலாளர் பதவிக்கு சலிம் நின்றபோது அமெரிக்கா வீட்டோ போட்டது. மறுபக்கம் குர்ட் வால்ட்ஹைமுக்குச் சீனா 16 சுற்று வீட்டோ போட்டது. கடைசியில் இருவரும் விலக, பதவி பெருவைச் சேர்ந்த பெரெஸ் தெ குயேயாருக்குப் போனது. சலிம் பிறகு 1989 முதல் 2001 வரை ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் பொதுச்செயலாளராக இருந்தார். ஒரு நாட்டில் கொத்துக் கொத்தாக மக்கள் சாகும்போது அண்டை நாடு அதை உள்விவகாரம் என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்ற எண்ணத்தை அமைப்புக்குள் வேரூன்றச் செய்தவர்களில் அவர் முக்கியமானவர். இன்று அந்த அமைப்பின் இடத்தில் இருக்கும் ஆப்பிரிக்க ஒன்றியத்தின் சாசனத்தில் 4ஆம் பிரிவு, போர்க்குற்றமும் இனப்படுகொலையும் நடக்கும்போது தலையிட ஒன்றியத்துக்கு உரிமை தருகிறது. அப்படி ஒரு பிரிவை வேறு எந்தக் கண்டமும் தன் சாசனத்தில் எழுதிக்கொள்ளவில்லை.

ஆய்வுக்காகத் தான்சானியாவின் தாரெஸ் சலாமுக்குப் போகும்போது எனக்கு ஸ்வாஹிலி அரைகுறைதான். ஆய்வு அனுமதிக்குக் காத்திருந்த வாரங்களில் டாலாடாலா என்கிற மினி பஸ்ஸில் ஏறி இறங்கியே பாதி மொழியைக் கற்றுக்கொண்டேன். பெரியவர்களைப் பார்த்ததும் ‘ஷிகமூ’ என்று வணங்கினால் எந்தக் கதவும் திறக்கும். பல்கலைக்கழகம் ஒரு மேட்டில் இருக்கிறது. ஊர்க்காரர்கள் வெறுமனே மலை என்பார்கள். வால்டர் ரோட்னி அங்கேதான் பாடம் நடத்தினார். ஆப்பிரிக்காவை ஐரோப்பா எப்படிப் பின்தங்க வைத்தது என்று அவர் எழுதிய புத்தகத்தை 1972இல் தான்சானியப் பதிப்பகமும் சேர்ந்தே வெளியிட்டது. நூலகத்தில் கிழக்கு ஆப்பிரிக்கப் பிரிவு என்று தனி அறை உண்டு. பைண்டு செய்த ‘தி நேஷனலிஸ்ட்’ பத்திரிகைத் தொகுதிகளை அங்கே புரட்டினேன். பிற்காலத்தில் நாட்டின் அதிபரான பெஞ்சமின் ம்காப்பா அந்த நாளில் அந்தப் பத்திரிகையின் ஆசிரியர். 1972இல் விடுதலைக் கமிட்டியின் நிர்வாகச் செயலாளராகி, கலைக்கப்படும் வரை அதை நடத்திய ஹாஷிம் ம்பிட்டாவும் பத்திரிகையாளராக இருந்தவர்தான். தெற்கு ஆப்பிரிக்க விடுதலைப் போராட்டங்களைப் பற்றி அவர் பெயரால் அமைந்த திட்டத்தில் வந்த ஒன்பது தொகுதிகளும் என் மேசையிலேயே கிடந்தன.

கமிட்டியைப் புகழ்ந்து மட்டும் எழுதுவது சுலபம். அப்படி எழுத நான் போகவில்லை. உறுப்பு நாடுகள் சிறப்பு நிதிக்குத் தர வேண்டிய பங்கை வருடக்கணக்கில் பாக்கி வைத்தன. ஒரே நாட்டுக்கு இரண்டு மூன்று இயக்கங்கள் போட்டி போட, யாரை அங்கீகரிப்பது என்று சண்டை. 1969 பிப்ரவரியில் மொசாம்பிக் விடுதலை இயக்கமான ஃப்ரெலிமோவின் தலைவர் எதுவார்தோ மோன்ட்லானே தாரெஸ் சலாமிலேயே பார்சல் குண்டுக்குப் பலியானார். நமீபியாவின் ஸ்வாப்போ இயக்கத்துக்குள் தலைமையைக் கேள்வி கேட்டவர்களை 1976இல் ஸாம்பியாவிலிருந்து கொண்டுவந்து தான்சானியச் சிறையில் வைத்தார்கள். ஸாம்பிய நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டிருந்ததுதான் காரணம். விடுதலையின் பேரால் நடந்த அநியாயம் அது. அந்தப் பக்கங்களைப் படித்த நாட்களில் மனசு சரியில்லாமல் கிவுக்கோனி படகுத்துறையில் போய் உட்கார்ந்திருப்பேன். ஆய்வில் அதற்குத் தனிப் பகுதியே வைத்தேன்.

அந்தப் படகுத்துறைப் பக்கத்தில்தான் ஒரு முதியவர் அறிமுகமானார். நிக்ரூமா தெருவில் ஃப்ரெலிமோ அலுவலகம் இருந்த காலத்தில் துறைமுகத்தில் கணக்கெழுதியவர். எல்லாரும் அவரை ம்ஸே என்று மரியாதையாகக் கூப்பிட, நானும் அப்படியே கூப்பிட்டேன். பித்தளைக் குடுவையில் காப்பி விற்பவரை நிறுத்தி இரண்டு கிண்ணம் வாங்குவார். ஒன்றை என் பக்கம் தள்ளிவிட்டு, கடலைப் பார்த்தபடி பேசுவார். சில கப்பல்கள் வந்தால் ராணுவத்தினர் வந்து நிற்பார்கள்; இரவில் இறக்குவார்கள்; பதிவேட்டில் அரசாங்கச் சரக்கு என்று எழுதிக் கோடு போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் என்றார்.

“உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா, ம்ஸே?”

“தெரியும், மகளே. தெரிந்துகொண்டே தெரியாதவன் மாதிரி இருப்பதும் எங்கள் வேலையில் ஒரு பகுதி. அந்த வருஷம் சர்க்கரைக்கு வரிசை நின்றோம். என் மனைவி கேட்டாள், யாரோ நாட்டுக்காரனுக்குப் பெட்டி பெட்டியாக இறங்குகிறதே, நமக்கு எப்போது என்று. மொசாம்பிக் ரேடியோ கேட்கும்போது உனக்குச் சொல்கிறேன் என்றேன்.”

1975 ஜூன் 25 அன்று மொசாம்பிக் விடுதலையானது. மனைவியிடம் என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். அவள் அன்றைக்கு அழுதாள், அதற்கு மேல் எதுவும் பேசவில்லை என்றார்.

தெற்கே ம்ட்வாராவுக்குப் போனதுதான் என்னை இன்னும் ஆழமாகத் தொட்டது. ரூவுமா ஆற்றுக்கு அக்கரை மொசாம்பிக். இக்கரை முழுக்க முந்திரித் தோப்பு. இந்த வட்டாரத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் பிரிட்டனுக்குச் சமையல் எண்ணெய்த் தட்டுப்பாடு. தாங்கன்யிக்காவில், அதாவது இன்றைய தான்சானியப் பெருநிலத்தில், காடழித்து நிலக்கடலை பயிரிட்டால் தீர்ந்துவிடும் என்று லண்டனில் திட்டம் போட்டார்கள். மண் இறுகிப்போனது, மழை பொய்த்தது, எந்திரங்கள் உடைந்தன. 1951இல் சுமார் 3.6 கோடி பவுண்டை நஷ்டக் கணக்கில் எழுதித் திட்டத்தை மூடினார்கள். ம்ட்வாரா துறைமுகமே அந்தக் கடலைக்காகக் கட்டியதுதான். அந்தத் திட்டம் கைவிட்டுப்போன இடங்களில் இரண்டு, கோங்வாவும் நச்சிங்வேயாவும். பதினைந்து ஆண்டுக்குள் தான்சானியா கோங்வாவை விடுதலை இயக்கங்களின் முகாமுக்குக் கொடுத்தது. நச்சிங்வேயா ஃப்ரெலிமோவின் பயிற்சிக் களமானது. காலனி ஆட்சி தரிசாக விட்டுப்போன மண்ணில் காலனி ஆட்சியை ஒழிக்கப் பயிற்சி எடுத்தார்கள். இந்த வரியை நான் வகுப்பில் சொல்லும்போது மாணவர்கள் ஒருகணம் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்க்கிறார்கள்.

நேவாலாவில் ஒரு பாட்டியைப் பார்த்தேன். பீபி என்று கூப்பிட வேண்டும். 1964 செப்டம்பரில் அக்கரையில் ஃப்ரெலிமோ போரைத் தொடங்கிய பிறகு ஆற்றைக் கடந்து சனம் வந்துகொண்டே இருந்ததாம். அவருடைய மாமியார் மரவள்ளிக்கிழங்குக் குழியைத் திறந்துவிட்டு, இருக்கிற வரை எடுத்துக்கொள்ளச் சொன்னாராம். விமானச் சத்தம் கேட்டால் முந்திரி மரத்தடியில் பிள்ளைகளைப் படுக்க வைத்து மேலே சருகைப் போடுவார்களாம். இதைச் சொல்லிக்கொண்டே அவர் தன் முந்திரிக்கொட்டைகளை நிறம் பார்த்து இரண்டு குவியலாகப் பிரித்துக்கொண்டிருந்தார். இந்தக் கொட்டையெல்லாம் எங்கே போகிறது என்று கேட்டேன். ஏலம் எடுத்து இந்தியாவுக்குக் கப்பலேற்றுவார்கள் என்றார்.

என் அம்மா அண்டி ஆபீஸில் வேலை பார்த்தவள். எங்கள் ஊர்ப் பக்கம் முந்திரித் தொழிற்சாலைக்கு அதுதான் பெயர். தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கும் ஆப்பிரிக்கக் கொட்டை லாரியில் மார்த்தாண்டம் பக்கம் வரும். அம்மா தோடு உடைக்கிற பிரிவில் இருந்தாள். தோட்டு எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனி எப்போதும் கறுத்திருக்கும். சாம்பலைத் தொட்டுத் தொட்டுதான் கொட்டையைப் பிடிப்பாள். எனக்கு டெல்லி ஹாஸ்டல் கட்டணம் அந்தக் கையிலிருந்துதான் வந்தது. பீபியின் திண்ணையிலிருந்தே அவளுக்குப் போன் போட்டேன்.

“மக்ளே, நாங்க ஒடைச்ச அண்டி வெளையுற ஊருலயா நிக்க?” என்றாள் அம்மா. “அங்க உள்ள பொம்பளையளுக்கும் கை வெந்துதான் கெடக்கா?”

பீபியின் கையைப் பார்த்தேன். அங்கே பச்சைக் கொட்டையைப் பறித்துக் காயப்போடுவதோடு சரி, பெரும்பகுதி உடைக்காமலேயே கப்பலேறிவிடுகிறது. அதனால் கை கறுக்கவில்லை. உடைத்துப் பருப்பாக்கினால் வரும் கூலியும் லாபமும் அவர்களுக்கு வருவதில்லை. இதை அம்மாவிடம் சொன்னேன். அப்ப அவியளுக்கு அந்தக் கூலியும் இல்லியா என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. கொடி மாறியும் கச்சாப்பொருளை அனுப்புகிற நாடாகவே ஏன் இருக்கிறோம் என்று நியரேரே காலத்திலிருந்து தான்சானியர்கள் கேட்டுவருகிற கேள்வி இது. 2018 மார்ச்சில் கிகாலியில் கையெழுத்தான ஆப்பிரிக்கத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தின் அடியில் இருப்பதும் இதே கேள்விதான் என்று நினைக்கிறேன்.

திரும்பும் வழியில் அடிஸ் அபாபாவில் சில வாரம் தங்கினேன். சீனா கட்டிக்கொடுத்து 2012இல் திறந்த ஆப்பிரிக்க ஒன்றியத் தலைமையகம் பெரிய கட்டடம். பழைய மத்திய சிறை இருந்த இடம் அது. ஆனால் எனக்கு வேண்டியது ஆப்பிரிக்கா ஹால், அஃபெவர்க் தெக்லேயின் வண்ணக் கண்ணாடி ஓவியம் உள்ள மாளிகை. 1963இல் அந்தச் சாசனம் பிறந்த இடம்.

1976 ஜனவரியில் அங்கோலாவுக்காக அடிஸ் அபாபாவில் அவசர உச்சி மாநாடு கூடியது. அங்கோலா முந்தைய நவம்பரில் விடுதலையாகியிருந்தது, ஆனால் மூன்று இயக்கங்கள் தங்களுக்குள் போரிட்டுக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றான எம்.பி.எல்.ஏ.வின் அரசை அங்கீகரிக்க வேண்டும் என்று 22 நாடுகள். மூன்று தரப்பும் சேர்ந்து அரசு அமைக்கட்டும் என்று 22 நாடுகள். இரண்டு நாடுகள் எந்தப் பக்கமும் சேரவில்லை. முடிவே எடுக்காமல் மாநாடு கலைந்தது. ஆப்பிரிக்க ஒற்றுமை வெறும் பேச்சு என்பதற்கு இதையே ஆதாரமாகக் காட்டும் புத்தகங்கள் டெல்லியில் எனக்குப் பாடமாக இருந்தன. நடந்ததை வரிசையாகப் படித்தால் வேறு படம் தெரிகிறது. மறுபக்கத்துக்கு ஆதரவாகத் தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசு படையோடு உள்ளே வந்தது தெரிந்ததுமே, தயங்கிக்கொண்டிருந்த நைஜீரியா எம்.பி.எல்.ஏ.வை அங்கீகரித்தது. நைஜீரியத் தலைவர் முர்த்தலா முகமது மாநாட்டிலேயே அமெரிக்க அழுத்தத்தை வெளிப்படையாகக் கண்டித்துப் பேசினார். அடுத்த மாதமே பெரும்பான்மை நாடுகள் அங்கீகரிக்க, அங்கோலா அமைப்பில் உறுப்பினரானது. அதே பிப்ரவரியில் முர்த்தலா சுட்டுக் கொல்லப்பட்டார். வாக்கு சமமாகப் பிரிந்தும் அமைப்பு உடையவில்லை. பிரிந்தவர்கள் சில வாரத்தில் மறுபடி ஒரே மேசைக்கு வந்தார்கள். அந்தப் பொறுமைக்கு நான் தலைவணங்குகிறேன்.

ஆய்வேடு முடிந்து வாய்மொழித் தேர்வு வந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒருவர் மூன்றாம் அத்தியாயத்தை விரலால் தட்டினார். துறைமுகக் கணக்கரும் மரவள்ளிக்கிழங்குப் பாட்டியும் ராஜதந்திர வரலாற்றில் எப்படி வருவார்கள், இதைப் பின்னிணைப்பாகத் தள்ளிவிடலாமே என்றார். 1965 கடன் கணக்கை எடுத்துக் காட்டினேன். உறவை முறிக்கும் முடிவை எடுத்தது அமைச்சரவை. 75 லட்சம் பவுண்டு வராமல் போனதைத் தாங்கியது சர்க்கரைக்கு வரிசை நின்றவர்கள். முப்பது ஆண்டு ஒரு கொள்கையை ஏழை நாடு கைவிடாமல் வைத்திருக்க வேண்டுமானால் அதைச் சகித்துக்கொள்ள மக்கள் சம்மதிக்க வேண்டும். அந்தச் சம்மதத்தைக் கணக்கில் எடுக்காமல் தான்சானியாவின் வெளியுறவுக் கொள்கையை விளக்க என்னால் முடியாது என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அத்தியாயம் மூன்றாவது இடத்திலேயே இருக்கிறது.

அதைச் சுருக்கி ஸ்வாஹிலியில் எழுதி ம்ஸேயின் பேத்தி வழியாக அவருக்கு அனுப்பினேன். ஓரத்தில் பென்சிலால் குறிப்பெழுதித் திருப்பி அனுப்பியிருந்தார். கணக்கரைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறாய், அந்தப் பெட்டிகளை இருட்டில் இறக்கிய கிரேன் ஆட்களைப் பற்றி ஒரு வரிதான் இருக்கிறது, இரண்டு பேர் இன்னும் தெமேக்கேயில் இருக்கிறார்கள், சீக்கிரம் வா என்று. விசாவுக்கு விண்ணப்பித்திருக்கிறேன்.